விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு திறக்க மறுக்கும் குறியாக்கக் கோப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்ட பிறகு, டி டிரைவில் அப்படியே இருக்கும் கோப்புகள் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று சொல்லித் திறக்க மறுப்பது, திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து வள்ளியூர் வரை கணினி பழுதுபார்ப்பவர்கள் அனைவரும் கேட்டிருக்கும் புகார். இங்குள்ள விடைகள் பெரும்பாலும் விண்டோஸ் 2000 முதல் புரோ போன்ற பதிப்புகளில் இருந்துவரும் கோப்புக் குறியாக்க வசதியான, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி கோப்புகளைப் பூட்டும் வசதியான, ஈ.எஃப்.எஸ். பற்றியவை. முழு டிரைவையும் பூட்டும் பிட்லாக்கருக்கும் லினக்ஸுக்கும் தனி விடைகள் உண்டு. பூட்டிக்கொண்ட கணினியை அருகில் வைத்துக்கொண்டு படிப்பவர்கள், முதலில் அதை அணைத்துவிட்டு, நேராக மூன்றாவது கேள்விக்குச் செல்லலாம்.

சி டிரைவை மட்டும்தான் ஃபார்மட் அடித்தார்கள். டி டிரைவை யாரும் தொடவில்லை. பிறகு ஏன் டி டிரைவில் உள்ள கோப்புகள் திறக்கவில்லை?

கோப்புகள் டி டிரைவில் இருந்தன; அவற்றைத் திறக்கும் சாவி சி டிரைவில் இருந்தது. ஒரு கோப்பைக் குறியாக்கம் செய்யும்போது, விண்டோஸ் அந்தக் கோப்புக்கென்றே ஒரு சாவியை உருவாக்கி, அதைக் கொண்டு உள்ளடக்கத்தை மாற்றி எழுதுகிறது. பிறகு அந்தச் சாவியையும் உங்கள் பயனர் கணக்குக்கு உரிய பொதுச் சாவியால் பூட்டி, கோப்பின் தலைப்பகுதியிலேயே சேர்த்து வைத்துவிடுகிறது. அந்தப் பூட்டைத் திறக்கக்கூடியது, பொதுவாக, உங்கள் கணக்கின் தனிச்சாவி ஒன்றுதான். அது சி டிரைவில், உங்கள் பயனர் கோப்புறைக்குள், ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் கோப்புறையின் உள்ளே இருக்கிறது. அந்தத் தனிச்சாவியும் வெறுமனே கிடப்பதில்லை. அதை மூடிப் பாதுகாக்கும் முதன்மைச் சாவி ஒன்று உண்டு, அந்த முதன்மைச் சாவியை உங்கள் கடவுச்சொல் காக்கிறது. சி டிரைவை அழித்தபோது இந்தச் சங்கிலியின் மேல் கண்ணிகள் எல்லாம் போய்விட்டன. டி டிரைவில் ஒரு பைட்கூடச் சேதமாகவில்லை என்பது உண்மை; அதனால் பயனில்லை என்பதும் உண்மை.

புதிய விண்டோஸிலும் அதே பயனர் பெயரையும் அதே கடவுச்சொல்லையும்தான் வைத்திருக்கிறேன். நிர்வாகி கணக்கும் என்னுடையதே. அப்படியிருந்தும் அனுமதி இல்லை என்றால் எப்படி?

பெயர் நமக்காக, கணினி உங்களை அறிவது அந்தப் பெயரால் அல்ல. ஒவ்வொரு முறை விண்டோஸ் நிறுவப்படும்போதும் கணக்குகளுக்குப் புதிய அடையாள எண் வழங்கப்படுகிறது, குறியாக்கச் சாவிகளும் அப்போதைக்குச் சீரற்ற எண்களிலிருந்து புதிதாகப் பிறக்கின்றன. கடவுச்சொல்லிலிருந்து அந்தச் சாவிகளைக் கணக்கிட்டு வரவழைக்க முடியாது. கடவுச்சொல், இருக்கும் சாவியைத் திறப்பதற்கு மட்டுமே பயன்படும். ஆகவே பழைய கணக்கும் புதிய கணக்கும், ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு ஆட்கள்.

நிர்வாகி என்ற உரிமையும் இங்கே எடுபடாது. கோப்பின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வது, ‘முழுக் கட்டுப்பாடு’ என்ற பெட்டியில் குறியிடுவது ஆகியவை யார் திறக்கலாம் என்ற பட்டியலைத்தான் மாற்றுகின்றன. உள்ளே குலைத்து எழுதப்பட்ட எழுத்துகளை அவை மீட்பதில்லை. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி இந்த உரிமை மாற்றத்தையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கோப்பின் பெயர் பச்சை நிறத்தில் தெரிந்தாலோ, படவுருவின் மேல் சிறு பூட்டு தெரிந்தாலோ, சிக்கல் உரிமையில் இல்லை, சாவியில்தான் என்று கொள்ளலாம்.

இப்போதுதான் கவனித்தேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

கணினியை அணையுங்கள். புதிய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சி டிரைவில் ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கிறது. அந்த எழுத்து பழைய சாவி கிடந்த இடத்தின் மேலேயே விழக்கூடும். மென்பொருள்களைப் பதிவிறக்காதீர்கள், விண்டோஸ் புதுப்பிப்பை ஓட விடாதீர்கள், ‘இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மறு நிறுவலால் பூட்டு திறந்த கதை கிடையாது; மிச்சமிருந்த வாய்ப்பும் தொலைந்த கதைகள் உண்டு.

அடுத்து, வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்து, முழு வட்டையும் ஒரு பிம்பமாக, அதாவது வெற்றிடம் என்று தோன்றும் பகுதிகளையும் சேர்த்து, வேறொரு வட்டுக்குப் படியெடுக்கச் சொல்லுங்கள். இனிமேல் செய்யும் முயற்சிகள் எல்லாம் அந்தப் படியின் மீதே நடக்க வேண்டும். கடைக்காரர் ‘கோப்புகளை மட்டும் காப்பி எடுத்தால் போதுமே’ என்பார். போதாது, நமக்கு வேண்டியது அழிந்த பகுதியில் இருக்கிறது.

விண்டோஸ் போடும்போது ஃபார்மட் செய்யவில்லை என்கிறார் கடைக்காரர். அது நல்லதா?

மிகவும் நல்லது. ஃபார்மட் செய்யாமல் அதே பகிர்வில், அதாவது வட்டின் அதே பிரிவில், விண்டோஸை நிறுவினால், நிறுவி பழைய விண்டோஸையும் பழைய பயனர் கோப்புறைகளையும் சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறைக்குள் நகர்த்தி வைத்துவிடும். அதற்குள் யூசர்ஸ், பிறகு உங்கள் பழைய பெயர், ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட் என்று உள்ளே சென்றால், கிரிப்டோ, புரொடெக்ட், சிஸ்டம்சர்ட்டிஃபிகேட்ஸ் என்ற மூன்று கோப்புறைகள் இருக்கும். முதலாவதில் தனிச்சாவி, இரண்டாவதில் அதைக் காக்கும் முதன்மைச் சாவி, மூன்றாவதில் பொதுச் சாவி அடங்கிய சான்றிதழ். இந்த மூன்றும் கிடைத்து, பழைய கடவுச்சொல்லும் நினைவில் இருந்தால், கோப்புகள் திரும்பக் கிடைப்பதற்கு நியாயமான நம்பிக்கை வைக்கலாம்.

ஆனால் அந்தக் கோப்புறை நெடுநாள் தங்காது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் பொதுவாக 10 நாள்களில் அது தானாகவே நீக்கப்படும். ‘இடம் அடைக்கிறது’ என்று வட்டுத் துப்புரவு செய்பவர்கள் அதற்கு முன்பே நீக்கிவிடுவார்கள். எனவே கண்டவுடன் முழுக் கோப்புறையையும் வேறொரு வட்டில் படியெடுத்து வையுங்கள். பழைய கோப்புறைகளைப் புதிய பயனர் கோப்புறையில் ஒட்டிவிட்டால் திறந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அடையாள எண் ஒத்துவராததால் புதிய விண்டோஸ் அவற்றை ஏற்காது. அவற்றைப் படித்துச் சாவியைப் பிரித்தெடுக்கத் தனி மென்பொருள் தேவை. எல்காம்சாஃப்ட் நிறுவனத்தின் ‘அட்வான்ஸ்டு ஈ.எஃப்.எஸ். டேட்டா ரெகவரி’ இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது.

சி டிரைவை ஃபார்மட் செய்தே போட்டுவிட்டார்கள். இனி வழியே இல்லையா?

வட்டின் வகையைப் பொறுத்தது. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்து, விரைவு ஃபார்மட் மட்டும் நடந்திருந்தால், பழைய கோப்புகளின் பட்டியல்தான் போயிருக்கும். புதிய விண்டோஸ் எழுதிய இடங்களைத் தவிர மற்ற இடங்களில் பழைய தரவு அப்படியே இருக்கும். சாவிக் கோப்புகள் மிகச் சிறியவை, சில கிலோபைட்டுகள்தாம். அவை கிடந்த இடம் தப்பியிருக்கவும் கூடும், முதல் நாளிலேயே மேலெழுதப்பட்டிருக்கவும் கூடும். வட்டை ஒவ்வொரு துண்டாக அலசிச் சாவிகளின் தடத்தைத் தேடும் வசதி மேலே சொன்ன வகை மென்பொருள்களில் உண்டு. நிறுவிய அன்றே கணினியை அணைத்தவருக்கும் மூன்று மாதம் ஓட்டிவிட்டு வந்தவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரியும்.

எஸ்.எஸ்.டி. என்றால் நிலைமை கடினம். ஒரு பகுதி இனித் தேவையில்லை என்று விண்டோஸ் தெரிவித்தவுடன், அந்த வட்டு தன் சிற்றறைகளைத் தானே துடைத்துக்கொள்ளத் தொடங்கும். ஃபார்மட் செய்யும்போதே இந்த அறிவிப்பு போய்விடுவதால், சில நிமிடங்களிலேயே பழைய சாவி நிரந்தரமாக அழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட வட்டைத் தேடலுக்குக் கொடுக்கும் முன், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

பழைய கடவுச்சொல் நினைவில்லை. சாவிக் கோப்புகள் மட்டும் கிடைத்தால் போதாதா?

போதாது. முதன்மைச் சாவியைத் திறக்க, அந்தக் கணக்கில் கடைசியாக இருந்த கடவுச்சொல் வேண்டும். கணக்குக்குக் கடவுச்சொல்லே வைக்கவில்லை என்றால், வெறுமையே கடவுச்சொல்லாகக் கொள்ளப்படும். அப்போது இந்தத் தடை இல்லை. உள்நுழையப் பயன்படுத்திய ‘பின்’ (PIN) எண், கடவுச்சொல்லுக்கு ஈடாகாது. மறந்துபோன கடவுச்சொல் குறுகியதாகவோ, வண்டி எண், பிள்ளையின் பெயர், ஊர்ப்பெயர் போன்ற ஒன்றாகவோ இருந்தால், ஊகித்துப் பார்க்கும் மென்பொருள்களால் கண்டுபிடிக்க முடியலாம். நினைவில் வரும் எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தொடங்குவது, எந்த மென்பொருளையும்விட முதலில் செய்ய வேண்டிய வேலை.

நான் எந்தக் கோப்பையும் குறியாக்கம் செய்யவே இல்லையே. இது எப்படி நடந்தது?

கோப்புறையின் பண்புகள் சாளரத்தில் ‘மேம்பட்டவை’ என்ற பொத்தானை அழுத்தினால், உள்ளடக்கத்தைக் குறியாக்கம் செய்யும் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. யாராவது ஒருமுறை அதில் குறியிட்டிருந்தால், அதன் பிறகு அந்தக் கோப்புறைக்குள் உருவாகும் ஒவ்வொரு கோப்பும் தானாகவே குறியாக்கம் பெறும். விண்டோஸ் உங்களிடம் புதிய கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை, திறக்கும்போதும் எதுவும் கேட்பதில்லை. பழைய நிறுவல் ஓடிய வரையில், பூட்டு இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வேலை செய்திருப்பீர்கள். ஓர் ஊர்க் கோயில் கொடையின் வரிக்கணக்கை வைத்திருப்பவர் ‘மற்றவர் பார்க்கக் கூடாது’ என்று நினைத்து ஒருமுறை சொடுக்கிவிட்டு மறந்துபோவதும், அடுத்த கொடைக்கு முன் கணினி மெதுவாகிவிட்டது என்று வேறொருவர் விண்டோஸை மாற்றுவதும் நடக்கக்கூடியவையே. இந்த வசதி வடிவமைக்கப்பட்ட விதத்தில் உள்ள பெரிய குறை இந்த அமைதி என்பது என் கருத்து. சாவியைப் படியெடுத்து வைக்கும்படி விண்டோஸ் ஓர் அறிவிப்பைக் காட்டத்தான் செய்கிறது. அதை மூடிவிடாதவர் அரிது.

விண்டோஸை மாற்றவில்லை. கடவுச்சொல்லை மறந்ததால் கடையில் கொடுத்து நீக்கி வாங்கினேன். அதன் பிறகு பச்சை நிறக் கோப்புகள் திறக்கவில்லை.

இது ஏறக்குறைய அதே சிக்கல்தான், ஆனால் மீளும் வாய்ப்பு மிக அதிகம். கடவுச்சொல்லை நீங்களே உள்ளிருந்து மாற்றும்போது விண்டோஸ் சாவிகளின் பூட்டையும் புதிய கடவுச்சொல்லுக்கு மாற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து துவக்கும் கருவி கொண்டு வலுவில் நீக்கினாலோ, இன்னொரு நிர்வாகி கணக்கிலிருந்து மாற்றி அமைத்தாலோ, அது நடப்பதில்லை. சாவிகள் பழைய கடவுச்சொல்லுக்கே காத்திருக்கும். பழைய கடவுச்சொல் பின்னர் நினைவுக்கு வந்தால், கணக்கின் கடவுச்சொல்லை மீண்டும் அதற்கே மாற்றுங்கள், கோப்புகள் திறக்கும். அதுவரை அந்தக் கணக்கை நீக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பணம் கொடுத்தால் உடைத்துத் தருகிறோம் என்கிறார்கள். நம்பலாமா?

‘உடைப்பது’ என்ற சொல்லை யாராவது பயன்படுத்தினால் எச்சரிக்கையாக இருங்கள். விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் சர்வீஸ் பேக் தொடங்கி இந்த முறை 256 பிட் ஏ.இ.எஸ். குறியாக்கத்தை இயல்பாகப் பயன்படுத்துகிறது. அதில் இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கங்கள் வரும். ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது வண்ணார்பேட்டையிலும் முடியாது, வாஷிங்டனிலும் முடியாது. நேர்மையான மீட்பு வேலை என்பது சாவியின் மிச்சத்தைத் தேடுவது மட்டுமே. ஆகவே வேலையை ஏற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: பழைய பயனர் கோப்புறையை எங்கே தேடப்போகிறார், பழைய கடவுச்சொல்லை உங்களிடம் கேட்கிறாரா, மூல வட்டில் எழுதாமல் படியில் வேலை செய்வாரா. கடவுச்சொல்லைப் பற்றிக் கேட்காமலேயே தொகையைச் சொல்பவருக்கு இந்த முறை எப்படி இயங்குகிறது என்பது தெரியாது. ஒரேயொரு கோப்பையாவது உங்கள் கண் முன்னே திறந்து காட்டிய பிறகு பணம் கொடுப்பதாகப் பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நியாயம்.

சாவி போய்விட்டது உறுதி. கோப்பின் உள்ளடக்கம் வேறு எங்காவது கிடைக்குமா?

பெரும்பாலோர் இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்கிறார்கள், இரண்டாவதாகவே கேட்டிருக்கலாம். குறியாக்கம் அந்த வட்டில் இருக்கும் கோப்புக்கு மட்டுமே உரியது. மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியபோதும் வாட்ஸாப்பில் பகிர்ந்தபோதும் போனது பூட்டில்லாத படி. வழக்கமான பென் டிரைவில் எடுத்துக்கொண்டுபோய் அச்சிட்டிருந்தால், அங்கும் அது பெரும்பாலும் பூட்டில்லாமலேயே சென்றிருக்கும். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதும் மாணவர் என்றால், நெறியாளருக்கு அனுப்பிய இயல்கள், அச்சகத்துக்குக் கொடுத்த பிரதி என்று தேடினால் பெரும்பகுதி கிடைக்கக்கூடும். பத்திர எழுத்தர் என்றால் கட்சிக்காரருக்கு அனுப்பிய வரைவுகள் இருக்கும்.

இன்னொரு நுட்பமான வழியும் உண்டு. ஏற்கெனவே சாதாரணமாக இருந்த ஒரு கோப்பைப் பின்னர் குறியாக்கம் செய்யும்போது, மின்சாரம் நின்றால் இழப்பு நேராதிருக்க, விண்டோஸ் அதன் பூட்டில்லாத தற்காலிகப் படியொன்றை எழுதி, வேலை முடிந்ததும் நீக்குகிறது. நீக்குகிறதே தவிர, துடைப்பதில்லை. டி டிரைவு சுழலும் வட்டாகவும், அதன் பிறகு அதிகம் எழுதப்படாததாகவும் இருந்தால், நீக்கிய கோப்புகளை மீட்கும் சாதாரண மென்பொருளே அவற்றைக் கண்டெடுக்கலாம். தொடக்கத்திலிருந்தே குறியாக்கக் கோப்புறைக்குள் உருவான கோப்புகளுக்கு இந்த வழி பொருந்தாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கணினி நனைந்துவிட்டது. வட்டை மட்டும் காய வைத்து வேறு கணினியில் போட்டேன், படங்கள் திறக்கவில்லை.

தாமிரபரணி வெள்ளம் புகுந்த வீடுகளிலிருந்து காப்பாற்றப்பட்ட வட்டுகளில் இந்த நிலைமை வரலாம், ஆனால் இது நிறுவலால் வந்த இழப்பு அல்ல. வட்டில் பழைய விண்டோஸ் அப்படியே இருந்தால் சாவியும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதை இரண்டாவது வட்டாக இணைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, படியெடுத்த வட்டிலிருந்தே கணினியைத் துவக்கி, பழைய கணக்கில் பழைய கடவுச்சொல்லோடு உள்நுழைந்தால் திறக்கும். வன்பொருள் மாறியதால் விண்டோஸ் துவங்காமல் போனாலும், முன்பு சொன்ன மூன்று கோப்புறைகளும் கையில் இருக்கின்றன. நனைந்த வட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அது நின்றுபோகும் ஆபத்து இருப்பதால், முதல் வேலையாகப் படியெடுங்கள், சோதனைகள் பிறகு.

என் கணினியில் பச்சை நிறமெல்லாம் இல்லை. டி டிரைவே பூட்டிக்கொண்டு 48 இலக்க எண் கேட்கிறது.

அது பிட்லாக்கர். கோப்புகளை அல்ல, முழு டிரைவையும் பூட்டும் முறை. பழைய விண்டோஸ் டி டிரைவின் சாவியைத் தன்னிடம் வைத்துத் தானாகவே திறந்துவந்தது. அது போனதும் மீட்பு எண் தேவைப்படுகிறது. இங்கே நல்ல செய்தி, அந்த எண் பல வேளைகளில் வேறோர் இடத்திலும் இருக்கும் என்பது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கணினியைத் தொடங்கியிருந்தால், அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் சாதனங்கள் பகுதியில் பாருங்கள். பல எண்கள் இருந்தால், பூட்டுத் திரையில் காட்டும் அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுக்கலாம்.

உங்கள் கணக்கில் இல்லையென்றால், கணினியை வாங்கிய அன்று யாருடைய மின்னஞ்சலைக் கொண்டு தொடங்கினார்கள் என்று யோசியுங்கள். வாடிக்கையாளரிடம் மின்னஞ்சல் இல்லையே என்று கடைப் பையன் தன் கணக்கையே போட்டுக் கொடுத்திருந்தால், மீட்பு எண் அவர் கணக்கில் இருக்கும். கல்லூரியில் படிக்கும் மகனின் கணக்காகவும் இருக்கலாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில், ஹோம் பதிப்பிலும்கூட, இந்தக் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடுகிறது என்பதால் இனி இந்தக் கேள்வி அதிகமாகும் என்றே நினைக்கிறேன். எந்தக் கணக்கிலும் எந்தத் தாளிலும் எண் இல்லையென்றால், அந்த டிரைவைத் திறக்க மைக்ரோசாஃப்டாலும் இயலாது.

கல்லூரி அலுவலகக் கணினி என்றால் வேறு வழி உண்டா?

உண்டு. பாளையங்கோட்டைக் கல்லூரிகளோ, வங்கிகளோ, தங்கள் கணினிகளை ஒரே சர்வரின் கீழ் டொமைனாக இணைத்திருந்தால், மீட்பு முகவர் என்ற சிறப்புச் சாவி நிர்வாகியிடம் இருக்கக்கூடும். அதைக் கொண்டு எந்தப் பயனரின் கோப்பையும் திறக்கலாம். வீட்டுக் கணினிகளில் விண்டோஸ் எக்ஸ்பி முதல் இப்படி ஒரு முகவர் இயல்பாக அமைவதில்லை.

லினக்ஸில்?

லினக்ஸின் வட்டுக் குறியாக்க முறையான லக்ஸால் பூட்டிய பகிர்வுக்கு இயங்குதளம் மாறினாலும் கவலையில்லை; சாவிகள் பகிர்வின் தலைப்பகுதியிலேயே இருப்பதால், கடவுச்சொல் தெரிந்தால் எந்த லினக்ஸிலிருந்தும் திறக்கலாம். நிறுவி அந்தத் தலைப்பகுதியின் மேல் எழுதிவிட்டால் மட்டும், படி எடுத்து வைக்காதவருக்கு மீட்சியில்லை. பழைய உபுண்டுவில் வீட்டுக் கோப்புறையை மட்டும் குறியாக்கம் செய்திருந்தவர்கள், அப்போது குறித்துக்கொள்ளச் சொல்லிக் காட்டப்பட்ட 32 எழுத்துத் தொடரைத் தேட வேண்டும்.

கோப்புகளின் பெயர்களே மாறி, பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருக்கிறது. இதுவும் அதுதானா?

இல்லை. அது பணம் பறிக்கும் தீம்பொருள். இணைய இணைப்பைத் துண்டித்து, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள். சில வகைத் தீம்பொருள்களுக்கு, 2016-இல் ஐரோப்பியக் காவல் அமைப்பும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் இலவசத் திறவு மென்பொருள் கிடைக்கிறது.

நாளை விண்டோஸ் மாற்றப்போகிறேன். இன்று என்ன செய்ய வேண்டும்?

கட்டளைச் சாளரத்தைத் திறந்து, சைஃபர் என்ற கட்டளையை யூ, என் என்னும் இரண்டு குறிகளோடு (cipher /u /n) ஓட்டினால், கணினியில் உள்ள குறியாக்கக் கோப்புகளின் பட்டியல் வரும். பட்டியல் சிறியதென்றால், பண்புகள் சாளரத்தில் குறியை நீக்கிப் பூட்டை எடுத்துவிடுவதே எளிது. பெரியதென்றால், கட்டுப்பாட்டுப் பலகத்தின் பயனர் கணக்குகள் பகுதியில் கோப்புக் குறியாக்கச் சான்றிதழ்களை நிர்வகிக்கும் இணைப்பைத் திறந்து, தனிச்சாவியோடு சேர்த்துச் சான்றிதழைப் பி.எஃப்.எக்ஸ். கோப்பாக எடுங்கள். அதற்கு அப்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். அந்தக் கோப்பை டி டிரைவில் மட்டும் வைக்காமல், பென் டிரைவிலும் இன்னோரிடத்திலும் வையுங்கள். புதிய விண்டோஸில் அதை இருமுறை சொடுக்கிக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் பழைய கோப்புகள் திறக்கும். முடிந்தால், விண்டோஸை மாற்றும் முன்பே இன்னொரு கணினியில் அந்தச் சாவியை ஏற்றி, ஒரு கோப்பு திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்குத் திறக்கவில்லை. கோப்புகளை நீக்கிவிடவா, வைத்திருக்கவா?

வைத்திருங்கள். பழைய சான்றிதழின் படி ஏதாவது ஒரு குறுந்தகட்டிலோ, பழைய காப்புப் பிரதியிலோ பின்னாளில் கிடைக்கலாம். சாவியில்லாமல் சாதாரணமாக நகலெடுக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படும். ரோபோகாப்பி கட்டளையில் குறியாக்கக் கோப்பைப் பிரிக்காமல் அப்படியே எடுக்கும் தனிக் குறியொன்று உண்டு, அதைக் கொண்டு, விண்டோஸின் வழக்கமான கோப்பு முறையான என்.டி.எஃப்.எஸ். கொண்ட இன்னொரு வட்டுக்கு மாற்றலாம். வட்டு வேறு வேலைக்குத் தேவையில்லை என்றால், கழற்றி, என்ன இருக்கிறது, எந்த ஆண்டு, பழைய பயனர் பெயர் என்ன என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டி எடுத்து வைப்பதே போதுமானது.